தோற்றால் உம்மா போய்விடுவாரா?



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று இன்னும் என் மேசையிலேயே கிடக்கிறது. எட்டாம் ஆண்டில் படிக்கும் ஒரு பெண்பிள்ளையின் தாய் எழுதியது. மகள் பாடசாலையில் பூப்பந்து ஆடுகிறாளாம். ஜப்பானியச் சித்திரத் தொடர் ஒன்றை வாப்பாவின் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாளாம். "பூப்பந்துக் கதைதானே, காதல் கீதல் என்று ஒன்றுமில்லையே, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்" என்கிறார் அந்தத் தாய். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளை திடீரென்று கேட்டிருக்கிறாள்:

"உம்மா, நான் மெச்சில தோத்துட்டா நீங்க என்னை விட்டுட்டுப் போயிருவீங்களா?"

சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டதாம். "இந்தத் தொடரைப் பற்றி உங்கள் பக்கத்தில் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார். காணாத ஒன்றைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாதல்லவா? எனவே நானும் உட்கார்ந்து பார்த்தேன். மொத்தம் 13 பாகங்கள். ஒவ்வொன்றும் இருபத்து நான்கு நிமிடமளவில். கூட்டிப் பாருங்கள், ஐந்து மணித்தியாலம். அந்த ஐந்து மணித்தியாலத்தின் கணக்கைத்தான் இம்மாதம் உங்களிடம் ஒப்புவிக்கிறேன்.

தொடரின் பெயர் 'ஹனெபாடோ'. 'ஹனே' என்றால் ஜப்பானிய மொழியில் இறகு. 'பாடோ' என்பது பட்மிண்டனின் சுருக்கம். கோசுகே ஹமாடா என்பவர் 2013 முதல் 2019 வரை சித்திரக் கதையாக வரைந்ததை லைடன் பில்ம்ஸ் என்னும் நிறுவனம் 2018 இல் தொலைக்காட்சித் தொடராக்கியது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பம் அபாரம். அகில ஜப்பான் கனிஷ்ட போட்டி ஒன்றில் இரு பெண்பிள்ளைகள் மோதுகிறார்கள். ஒருத்தி நாகிசா. உயரமானவள், பலசாலி, பாய்ந்து அடிப்பதில் கெட்டிக்காரி. மற்றவள் அயானோ. சிறிய உருவம், இடது கைக்காரி, முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. நாகிசா 21க்குப் பூச்சியம் என்ற கணக்கில் தோற்றுப்போகிறாள்.

பூப்பந்து பழக்கமில்லாத சகோதரிகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முன்னர் யார் கையில் 'சேர்வ்' இருக்கிறதோ அவர் மட்டுமே புள்ளி பெற முடியும். 2006 இலிருந்து அப்படியில்லை. யார் வென்றாலும் புள்ளி. 21 எடுத்தால் ஓர் ஆட்டம் முடியும். ஆகவே எதிரி தவறுதலாகச் சட்டில் கொக்கை வலையில் அடித்தாலும் உங்களுக்கு ஒரு புள்ளி வந்துவிடும். நன்றாகப் பயிற்சி பெற்ற ஒருத்தி ஒரு புள்ளியும் எடுக்காமல் வெளியேறுகிறாள் என்றால், எதிர்ப்பக்கம் நின்றவள் ஒரு பிழையும் விடவில்லை என்று அர்த்தம். அந்த அவமானத்தோடு நாகிசா பாடசாலைக்குத் திரும்புகிறாள். தன்னையும் வதைத்து, கூட ஆடும் பிள்ளைகளையும் வதைக்கிறாள். சிலர் அணியை விட்டே போய்விடுகிறார்கள். அந்தப் பாடசாலைக்கே அயானோ மாணவியாக வந்து சேர்கிறாள். வந்தவள் சொல்கிறாள், எனக்குப் பூப்பந்தே வேண்டாமென்று!

எவ்வளவு அருமையான முடிச்சு பாருங்கள். வெல்ல ஏங்குகிறவளுக்கு வெற்றி இல்லை. வெல்லத் தெரிந்தவளுக்கு விளையாட்டே வெறுப்பு. இந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரே அணியில் போட்டுவிட்டு, முழங்கால் காயத்தால் தன் ஆட்டத்தை இழந்த தச்சிபானா என்ற இளம் பயிற்சியாளரையும் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மேற்கொண்டு என்ன வேண்டும்?

ஆட்டத்தை வரைந்திருக்கும் விதமும் அப்படித்தான். சட்டில் கொக்கில் 16 இறகுகள். நிறை ஐந்து கிராம் அளவுதான். அடித்தவுடன் அம்பாகப் பறந்து, மறுகணமே இறகு காற்றைப் பிடித்து, வேகம் செத்து விழும். இந்த வேகமும் வேகக் குறைவும்தான் பூப்பந்தின் சூட்சுமமே. பலமாக அடிப்பதுபோல் கையை ஓங்கி, கடைசி நொடியில் மெல்லத் தட்டி வலைக்குப் பக்கத்தில் போடலாம். எதிரி பின்னால் ஓடியிருப்பாள். இன்னொன்று, இறகுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே பக்கம் அடுக்கப்பட்டிருப்பதால் சட்டில் கொக் எப்போதும் ஒரே திசையில்தான் சுழலும். அதனால் இடது கைக்காரி சீவி அடிக்கும் பந்து, வலது கைக்காரி சீவி அடிப்பதைப் போல் வராது. இவற்றையெல்லாம் சித்திரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி காட்டியிருக்கிறார்கள். சப்பாத்து தரையில் கிறீச்சிடுவதும் மூச்சு வாங்குவதும் நமக்கும் மூச்சு வாங்க வைக்கின்றன. எங்கள் வீட்டுக் குசினியில் கறி அடிப்பிடித்த கதையை இங்கே சொல்லத் தேவையில்லை.

ஆனால், சகோதரிகளே, இத்தனையையும் வைத்துக்கொண்டு தொடர் எங்கே போகிறது தெரியுமா? நமது மாலை நேரத் தொலைக்காட்சி நாடகங்கள் போகும் அதே ஒழுங்கைக்குள்!

அயானோவின் தாய் உச்சிகா, ஜப்பானின் சம்பியன் பட்டத்தைப் பல தடவை வென்ற வீராங்கனை. மகளுக்குச் சிறு வயதிலேயே ரக்கட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள். மகள் ஒரு போட்டியில் காய்ச்சலோடு ஆடித் தோற்கிறாள். அதன் பின் தாய் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். கடிதமில்லை, சொல்லிக்கொள்ளவில்லை. 'நான் தோற்றதால்தான் உம்மா போய்விட்டார்' என்று அந்தப் பிஞ்சு மனம் முடிவு கட்டுகிறது. பிறகு ஒவ்வொரு போட்டியிலும் வென்று வென்று காத்திருக்கிறாள். வென்றால் உம்மா வருவார் என்று. அவர் வரவில்லை. அதுதான் அவளுடைய வெறுப்பின் வேர். டென்மார்க்கிலிருந்து கோனி என்றொரு பிள்ளை வந்து நிற்கிறாள். அவளை வளர்த்துப் பயிற்றுவித்தவள் அதே உச்சிகா! பெற்ற பிள்ளையைப் போட்டுவிட்டு வேறொரு பிள்ளைக்குத் தாயாக இருந்திருக்கிறாள்.

இங்கேதான் கடிதம் எழுதிய சகோதரியின் மகள் பயந்திருக்கிறாள். பயப்படத்தான் செய்யும்.

குடும்பக் கதை சொன்னது குற்றமென்று நான் சொல்லவில்லை. ஜப்பானியரின் விளையாட்டுச் சித்திரத் தொடர்களில் இது பழைய விடயம். 1968 முதல் 1971 வரை 'கியோஜின் நோ ஹோஷி' என்று ஒரு பேஸ்போல் தொடர் வந்தது. அதில் தகப்பன் இத்தெட்சு, மகன் ஹியூமாவின் உடுப்புக்குள்ளே வில்சுருள் மாட்டிய கருவியைக் கட்டி வளர்க்கிறான், கை பலப்பட வேண்டுமென்று. பின்னர் மகனுக்கு எதிரான அணிக்கே பயிற்சியாளராகப் போய் நிற்கிறான். தாயில்லாத அந்த வீட்டில் அக்கா அகிகோ மறைவில் நின்று தம்பியைப் பார்த்துக் கண் கலங்குகிறாள். கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமை பந்துக்குள்ளேயே இருந்தது. மகன் எறியும் ஒவ்வொரு எறியிலும் தகப்பன் இருந்தான். எறிவது எப்படி, அடிப்பது எப்படி என்பதும் கூடவே வந்தது. வீட்டுக் கதையும் விளையாட்டும் ஒரே கயிறாக முறுக்கியிருந்தன.

'ஹனெபாடோ'வில் அந்தக் கயிறு பிரிந்துபோயிற்று. நடுப் பாகங்களில் அயானோ மைதானத்தில் நிற்கிறாள், ஆனால் விளையாடவில்லை. எதிரியை ஏளனமாகப் பார்க்கிறாள், குத்திக் கதைக்கிறாள், நட்புகளை உதறுகிறாள். முதல் பாகங்களில் வெட்கப்பட்டு அழுத பிள்ளையா இவள் என்று நமக்கே சந்தேகம் வருகிறது. புள்ளி எப்படி வந்தது, எந்த அடியில் எதிரி ஏமாந்தாள் என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விடுகின்றன. ஒரு முகம், ஒரு பழைய நினைவு, ஒரு கண்ணீர், மறுபடி ஒரு முகம். பந்து நடுவிலே பறந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இத்தொடரின் கதையமைப்பைக் கவனித்தவர் டாகு கிஷிமோட்டோ. 2014 இல் தொடங்கிய 'ஹைக்யூ' என்ற கரப்பந்துத் தொடரின் கதையமைப்பும் அவருடையதே. அதில் பிள்ளைகளின் வீட்டைப் பற்றி நாம் அதிகம் அறிவதில்லை. ஒரு பிள்ளை பந்தை எப்படி வாங்குகிறான், எப்படித் தூக்கிக் கொடுக்கிறான் என்பதிலேயே அவன் குணம் முழுவதும் தெரிந்துவிடும். அதே கைக்கு இதில் அது கூடிவரவில்லை.

சரி, விளையாட்டை விட்டுவிட்டுக் குடும்பத்தையாவது ஒழுங்காகச் சொன்னார்களா? இல்லையே! அதுதான் என் பெரிய மனக்குறை.

உச்சிகா திரும்பி வருகிறாள். சிரித்த முகத்தோடு, நேற்றுக் கடைக்குப் போய் இன்று வந்தவளைப் போல. ஏன் போனாய் என்ற கேள்விக்குத் தொடர் தரும் பதில், மகளைப் பெரிய ஆட்டக்காரியாக்கும் கணக்கு என்ற அளவில் நிற்கிறது. பிள்ளையைக் கைவிட்டது ஒரு பயிற்சி முறையாம்! உப்புப் போதாத கறிக்கு உப்புப் போட்டதுபோல, பிள்ளைக்குத் திறமை போதவில்லையென்று தாயை எடுத்துவிட்டார்களாம். அந்தத் தாய் பிள்ளையின் கையைப் பிடித்து "நான் செய்தது பிழை, மகள்" என்று மனம் உடைந்து சொல்லும் ஒரு காட்சிக்காகக் கடைசிவரை காத்திருந்தேன். கிடைக்கவில்லை.

அயானோவை வளர்த்தவர்கள் யார்? அவளுடைய பாட்டனாரும் பாட்டியும். காலையில் எழுப்பி, சாப்பாடு கட்டிக் கொடுத்து, தாயில்லாத பிள்ளையை உயர்பாடசாலை வரை கொண்டுவந்தவர்கள். தொடரில் அவர்களுக்கு ஒரு மூலைதான். வளர்த்த உம்மம்மாவுக்கு ஒரு நன்றிச் சொல்லும் இல்லை. ஓடிப்போனவளுக்குத்தான் ஒளி முழுவதும். நாங்கள் அறிந்த எத்தனை வீடுகளில் உம்மம்மாக்கள் இப்படிப் பிள்ளை வளர்க்கிறார்கள்! உம்மா வெளிநாட்டில் வேலைக்குப் போன வீடுகளை நினைத்துப் பாருங்கள். அந்தக் கதையை யாராவது சொன்னால் நான் 26 பாகமும் பார்ப்பேன்.

அணியில் ஆடும் ரிக்கோவும் அப்படித்தான். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு, வீட்டு வேலையும் செய்துகொண்டு, மிஞ்சிய நேரத்தில் ரக்கட் பிடிக்கிற பிள்ளை. பெரிய திறமைசாலி அல்ல. ஆனாலும் ஆடுகிறாள், ஆட்டம் அவளுக்குப் பிரியம். என் கண்ணில் இந்தத் தொடரின் உண்மையான குடும்பக் கதை அவளிடம்தான் இருந்தது. கொஞ்ச நேரம் காட்டிவிட்டுக் கடந்துபோய்விட்டார்கள். சத்தம் போடாத துக்கத்துக்கு நாடகத்தில் மதிப்பில்லை போலும்.

பிள்ளைகளுக்கிடையில் நீதி பற்றி நமக்கு யாரும் ஜப்பானிலிருந்து வந்து சொல்லத் தேவையில்லை. நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களின் செய்தி நீங்கள் அறிந்ததே. தகப்பனார் அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்புக் கொடுத்து, நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக வைக்க வந்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று கேட்டார்கள் நபியவர்கள். இல்லையென்றதும் அதற்குச் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். ஒரு பொருளைக் கொடுப்பதிலேயே இவ்வளவு கவனம் என்றால், தாயையே ஒரு பிள்ளையிடமிருந்து எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பதை என்னவென்பது? அந்தக் கோனியையும் குறை சொல்ல மனமில்லை. அவளும் ஒரு குடும்பத்துக்கு ஏங்கி வந்த பிள்ளைதான்.

விளையாட்டும் அன்பும் ஒன்றையொன்று கடிக்காமல் இருப்பது எப்படி என்பதற்கும் நம்மிடம் ஒரு காட்சி இருக்கிறது. ஆயிஷா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். முதல் தடவை ஆயிஷா நாயகி முந்தினார்கள். காலம் சென்று, உடம்பில் சதை பிடித்த பின் மறுபடி ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள். அதற்கு இது சரியாகிவிட்டது என்று சொன்னார்கள். தோற்றவரும் சிரிக்கிறார், வென்றவரும் சிரிக்கிறார். இரண்டு தடவையும் இருவரும் ஒரே வீட்டுக்குத்தான் திரும்பிப் போனார்கள்.

நிஜ உலகப் பூப்பந்திலும் பெற்றோர் இல்லாமலில்லை. இந்தியாவின் சிந்துவின் தாயும் தகப்பனும் கரப்பந்து வீரர்கள். தகப்பன் ரமணா 1986 இல் சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்தவர். மகள் தங்கள் விளையாட்டை விட்டுப் பூப்பந்தைத் தெரிந்தெடுத்தபோது அதற்கே துணை நின்றார்கள். நமது நாட்டின் நிலுக்க கருணாரத்னவும் சகோதரர்களோடு சேர்ந்து ஆடி வளர்ந்தவர்தான். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் அவர் தோற்கடித்தது யாரையென்றால், ஜப்பானின் கெனிச்சி டாகோவை!

உடை விடயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதம் கடிதங்கள் குவியும். தொடரில் பிள்ளைகள் அணிவது குட்டைக் காற்சட்டைதான். அதைப் பார்த்து, பூப்பந்து என்றாலே அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 2011 இல் உலகச் சம்மேளனம் பெரிய போட்டிகளில் பெண்கள் பாவாடைதான் அணிய வேண்டும் என்று விதி கொண்டுவரப் பார்த்தது. எதிர்ப்பு வந்தது, முஸ்லிம் நாடுகளிலிருந்தும் வந்தது. மறு வருடம் அதைக் கைவிட்டார்கள். 2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் ஈரானின் சொரையா ஆகாயி தலையை மறைத்து, முழு உடை உடுத்து ஆடி, மாலைதீவின் பாத்திமத் நபாஹாவை வென்றார். வென்றவரும் தோற்றவரும் நமது சகோதரிகளே. ஆக, உங்கள் மகளை ரக்கட்டோடு பார்த்தால் முகத்தைச் சுளிக்க இந்தத் தொடரைக் காரணமாக்க வேண்டாம்.

தொடரின் முடிவுக்கு வருவோம். கடைசி இரண்டு பாகங்களில் நாகிசாவும் அயானோவும் மறுபடி மோதுகிறார்கள். அப்போதுதான் தொடருக்குத் தன் பெயர் ஞாபகம் வருகிறது. நாகிசாவின் முழங்கால் நோகிறது, அயானோவின் மூச்சு இரைக்கிறது, புள்ளிக்குப் புள்ளி ஏறுகிறது. அயானோ முதல் தடவையாகத் தாயை மறந்து பந்தைப் பார்க்கிறாள். அணிப் பிள்ளைகள் தனக்காகவும் கூவுவதைக் கேட்கிறாள். நாகிசா வெல்கிறாள். தோற்ற அயானோ அதற்காக யாராலும் கைவிடப்படவில்லை. இத்தனை நல்ல ஆட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டா நடுவிலே எங்களை அப்படி அலைக்கழித்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது.

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்கு.

நீங்கள் பிள்ளையிடம் "சீ, என்ன பேச்சு இது" என்று சொல்லி வாயை மூடியதாக எழுதியிருந்தீர்கள். பதறிப்போய்ச் சொன்னது, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் இன்னும் பாக்கியிருக்கிறது. மகளின் அடுத்த போட்டிக்கு முதல் நாள் இரவே, தலை வாரிவிடும்போதோ உடுப்பை மடிக்கும்போதோ, அவள் கேட்டதை நீங்களாகவே எடுத்துச் சொல்லுங்கள். "நீ அன்றைக்கு ஒன்று கேட்டாயே, மகள். நான் எங்கேயும் போக மாட்டேன். நீ 21க்குப் பூச்சியத்தில் தோற்றாலும் வாசலில் நிற்பேன்" என்று. போட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் "வென்றாயா" என்று முதலில் கேட்கவும் வேண்டாம். "பசிக்குதா" என்று கேளுங்கள்.

தொடரைத் தடுக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். பாதி பார்த்த பிள்ளைக்கு மீதியைத் தடுத்தால் பயம் அங்கேயே உறைந்துவிடும். முடிவுவரை நீங்களும் பக்கத்தில் இருந்து பாருங்கள். உச்சிகா சிரித்துக்கொண்டு வரும் இடத்தில் நிறுத்தி, "இந்த உம்மா செய்தது சரியா?" என்று அவளிடமே கேளுங்கள். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடத் தெளிவாகப் பதில் சொல்வார்கள்.

அது முடிந்த பின் இன்னொன்றும் பாருங்கள். சித்திரமல்ல, நிஜம். 2017 ஆகஸ்டில் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகச் சம்பியன் போட்டியின் பெண்கள் இறுதியாட்டம், ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவும் சிந்துவும் ஆடியது. 21-19, 20-22, 22-20 என்று ஒகுஹாரா வென்றார். இரண்டாம் ஆட்டத்தின் கடைசிப் புள்ளிக்கு மட்டும் இருவரும் 73 தடவை அடித்தார்கள். முடிந்ததும் இருவருக்கும் நிற்கவே முடியவில்லை. அன்று தோற்ற சிந்து 2019 இல் அதே ஒகுஹாராவை அதே இறுதியாட்டத்தில் 21-7, 21-7 என்று வென்றது வேறு கதை. கிளாஸ்கோ ஆட்டம் 110 நிமிடம் ஓடும். அஸர் தொழுதுவிட்டு மகளோடு உட்கார்ந்தீர்களானால் மஃரிபுக்கு முன் முடிந்துவிடும்.